பெட்டியில் இருக்கும் 150 எதைச் சொல்கிறது? வீட்டுக்குக் காற்றடிக்கும் மெஷின் வாங்கும்முன்

கையில் எடுத்துப் போகிற மாதிரியான காற்றடிக்கும் மெஷின்களின் பெட்டியில் பெரிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். பெரும்பாலும் 150 பிஎஸ்ஐ, அதாவது காற்றழுத்தத்தின் அளவு. சிலவற்றில் 120, சிலவற்றில் 160. வாங்க வருகிறவர் கண் முதலில் போவது அங்கேதான். எண் கூடினால் சக்தியும் கூடும் என்று நினைப்பது இயல்பு. நானும் முதல் மெஷினை அப்படித்தான் எடுத்தேன். அது ஒன்றும் மோசமான மெஷின் இல்லை. ஆனால் என் காருக்கு வேண்டியது 33 பிஎஸ்ஐ, மகளின் சைக்கிளுக்கு 40. எங்கள் வீட்டில் 150 தேவைப்படும் பொருள் எதுவுமே கிடையாது.

அந்த எண்ணுக்கு அர்த்தம் இதுதான்: மிகச் சிறிய இடத்துக்குள் காற்றைத் திணித்துக்கொண்டே போனால், மோட்டார் திணறி நிற்பதற்குள் எந்த அழுத்தம் வரை எட்டும் என்பது. எவ்வளவு நேரத்தில் எட்டும், அதற்குள் மெஷின் எவ்வளவு சூடாகும், திரையில் காட்டும் அளவை நம்பலாமா என்ற கேள்விகளுக்கு அதில் பதில் இல்லை. வீட்டுக்கு வாங்குகிறவர் கேட்க வேண்டியது இந்த மூன்றையும்தான் என்பது பல வருடம் பயன்படுத்திய பிறகு எனக்கு வந்த முடிவு.

அழுத்தம் வேறு, அளவு வேறு

பிஎஸ்ஐ என்பது ஒரு சதுர அங்குலத்தின் மேல் எத்தனை பவுண்டு விசை அழுத்துகிறது என்ற கணக்கு. சில மெஷின்கள் பார் என்ற அலகில் காட்டும். 1 பார் என்றால் 14.5 பிஎஸ்ஐ, அதாவது 100 கிலோபாஸ்கல். நம்மைச் சுற்றியுள்ள காற்றே கடல்மட்டத்தில் 14.7 பிஎஸ்ஐ அழுத்திக்கொண்டுதான் இருக்கிறது. டயர் கேஜ் அதற்கு மேலே இருப்பதை மட்டும் காட்டுகிறது. ஆகவே, ஒரு டயரின் அழுத்தத்தை 1 பார் ஏற்ற வேண்டுமென்றால், ஏறக்குறைய அந்த டயரின் உள்ளிடம் அளவுக்கு வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். இதை வைத்துக்கொண்டு மூன்று பொருள்களைப் பார்க்கலாம்.

நடுத்தரக் காரின் டயருக்குள் சுமார் 30 லிட்டர் இடம் இருக்கும். 26-க்கு இறங்கிவிட்டதை 33-க்குக் கொண்டுவர வேண்டுமென்றால் கூட்ட வேண்டியது 7 பிஎஸ்ஐ, கிட்டத்தட்ட அரை பார். ஆக, 15 லிட்டர் காற்று போதும். முழுக்க இறங்கிய டயர் என்றால் 70 லிட்டருக்குச் சற்றுக் குறைவாக ஆகும்.

அடுத்து, மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள். டியூபுக்குள் இருப்பது 1 லிட்டர் இடம்தான். ஆனால் அதற்கு 100 பிஎஸ்ஐ வேண்டும். போகிற காற்று 7 லிட்டர்தான் என்றாலும் அழுத்தம் கார் டயரைப் போல மூன்று மடங்கு.

மூன்றாவது, இரண்டு பேர் படுக்கும் காற்று மெத்தை. அழுத்தம் 1 பிஎஸ்ஐகூட வராது. ஆனால் உள்ளே போக வேண்டிய காற்று 500 லிட்டர் இருக்கும்.

கையடக்கமான பேட்டரி மெஷின்களில் பலவும் நிமிடத்துக்கு 10 முதல் 20 லிட்டருக்குள் தள்ளுபவை. 15 என்றே வைத்துக்கொள்வோம். காருக்குக் காற்றைச் சரிசெய்வது காகிதக் கணக்கில் ஒரு நிமிடம். அதே மெஷினை மெத்தையில் சொருகினால் அரை மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும், இடையிடையே மோட்டாருக்கு ஓய்வும் தர வேண்டும். விருந்தினர் வந்த ஓர் இரவில் இதை நான் நேரில் பார்த்தேன். நாற்பது நிமிடம் ஆகியும் மெத்தை பாதி கூட நிமிரவில்லை, மெஷின் தொட முடியாத சூட்டில் இருந்தது. அதே மெத்தையை விசிறி வைத்த சாதாரண பம்ப் இரண்டு மூன்று நிமிடத்தில் நிமிர்த்திவிடும். அந்த விசிறி பம்பால் சைக்கிள் டியூபைக்கூட நிரப்ப முடியாது. ஒன்று அழுத்தத்துக்கானது, இன்னொன்று அளவுக்கானது. இரண்டையும் ஒரே உடலில் வைத்து, இரண்டு தனித்தனி வாய் கொடுத்த மெஷின்களும் கிடைக்கின்றன. வீட்டில் மெத்தை, ரப்பர் படகு, குழந்தைகளின் காற்றுக் குளம் என்று இருந்தால் அப்படி ஒன்றைத் தேடலாம். ஒரே மெல்லிய குழாயும் ஒரு பை நிறைய பிளாஸ்டிக் மூக்குகளும் மட்டும் இருந்தால், பெட்டியில் மெத்தைப் படம் போட்டிருந்தாலும் அதை நம்பி வாங்காதீர்கள்.

பந்து இதற்கு நேரெதிர். ஒரு கைப்பந்துக்கு வேண்டியது 4.5 பிஎஸ்ஐ அளவுதான். உள்ளே போவது ஒன்றரை லிட்டர் காற்று. ஆறேழு வினாடியில் முடிந்துவிடும். கூடைப்பந்துக்கு 7.5 முதல் 8.5 வரை. கால்பந்துக்கு விதிப்புத்தகம் தரும் வரம்பு 8.5 முதல் 15.6 வரை. பந்துக்குக் காற்றடிக்கும்போது விரல் நிறுத்தும் பொத்தானிலேயே இருக்க வேண்டும். ஊசியை ஈரமாக்கிக்கொண்டு செருகினால் உள்ளே இருக்கும் ரப்பர் கிழியாது.

சூடு எங்கிருந்து வருகிறது

இந்த மெஷின்களுக்குள் இருப்பது எளிய அமைப்புதான். சின்ன மோட்டார், பற்சக்கரம், ஒரு பிஸ்டன், காற்று திரும்பி வராமல் தடுக்கும் ஒரு வால்வு. பிஸ்டன் ஒவ்வொரு முறையும் ஒரு சிட்டிகைக் காற்றை அமுக்கித் தள்ளுகிறது. காற்றை அமுக்கினால் அது சூடாகும். சைக்கிளுக்குக் கைப்பம்பில் அடித்தவர்களுக்கு அதன் அடிப்பாகம் சுட்டது நினைவிருக்கும். 27 டிகிரி காற்றை, சூடு வெளியே போக விடாமல் 33 பிஎஸ்ஐ வரை அமுக்கினால் அது சுமார் 145 டிகிரியை எட்டும். 100 பிஎஸ்ஐ என்றால் 260-ஐத் தாண்டும். நடைமுறையில் உலோக உடல் பெரும்பகுதிச் சூட்டை வாங்கிக்கொள்வதால் காற்று அவ்வளவு கொதிப்பதில்லை. ஆனால் வாங்கிய சூடு அந்தச் சின்ன உடலில்தான் தங்குகிறது. குழாயின் முனையில் இருக்கும் பித்தளை மூக்கைக் கழற்றும்போது விரல் சுடுவதற்குக் காரணம் இதுவே.

அதனால்தான் கையேட்டில் எங்கோ ஒரு மூலையில் “10 நிமிடம் ஓட்டிய பின் 10 நிமிடம் நிறுத்தவும்” என்று போட்டிருப்பார்கள். சிலவற்றில் 5 நிமிடம், நல்ல கனமான மெஷின்களில் 20, 30 நிமிடம். பெட்டியின் முகப்பில் வர வேண்டிய எண் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையமும் பற்சக்கரமும் பிளாஸ்டிக்காக இருக்கும் மலிவான மெஷின்கள் பழுதாவது பெரும்பாலும் இந்தச் சூட்டில்தான். உலோக சிலிண்டர், உலோக பற்சக்கரம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் அது நல்ல அறிகுறி. கையில் எடுத்துப் பார்த்தாலே எடை ஓரளவு சொல்லிவிடும்.

இன்னொன்றும் இதோடு சேர்ந்தது. “நிமிடத்துக்கு 35 லிட்டர்” என்று விளம்பரத்தில் வருவது எதிர்ப்பே இல்லாமல், குழாயைத் திறந்துவிட்டு ஓட்டும்போது வரும் அளவு. டயருக்குள் அழுத்தம் ஏற ஏற மோட்டாரின் வேகம் குறையும். தவிர, பிஸ்டன் உச்சிக்குப் போன பிறகும் சிலிண்டரின் தலையில் கொஞ்சம் காற்று மிஞ்சும். அழுத்தம் கூடக் கூட அந்த மிச்சக் காற்று திரும்ப விரிந்து, புதுக் காற்று வர வேண்டிய இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆகவே 30 பிஎஸ்ஐயில் கிடைப்பது விளம்பர எண்ணை விடக் குறைவு. சில தயாரிப்பாளர்கள் “இந்த அளவு டயரை இத்தனையிலிருந்து இத்தனைக்கு ஏற்ற இத்தனை வினாடி” என்று நேராகச் சொல்கிறார்கள். லிட்டர் கணக்கை விட அந்த வரி நமக்குப் பயன்படும்.

மின்சாரம் எங்கிருந்து

காரின் 12 வோல்ட் சாக்கெட்டில் சொருகுவது, உள்ளேயே பேட்டரி வைத்தது, துளையிடும் மெஷின் போன்ற கருவிகளின் பேட்டரியை மாட்டிக்கொள்வது, வீட்டுச் சுவரில் சொருகுவது என நான்கு வகை உண்டு.

12 வோல்ட் வகை பழைய மாதிரி என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முக்கியப் பயன்பாடு கார் என்றால் இன்றும் நான் இதைத்தான் சிபாரிசு செய்வேன். மாதக்கணக்கில் டிக்கியில் கிடந்தாலும் எடுத்த உடன் ஓடும், சார்ஜ் இருக்கிறதா என்ற கவலை இல்லை. இரண்டு விஷயம் மட்டும் பார்க்க வேண்டும். ஒன்று ஃபியூஸ். 120 வாட் மெஷின் 12 வோல்ட்டில் 10 ஆம்பியர் இழுக்கும். பல கார்களின் சாக்கெட்டுக்கு 10 அல்லது 15 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். அதைவிடப் பெரிய மெஷின்கள் பேட்டரியிலேயே நேராகக் கவ்வும் கிளிப்புகளோடு வருவது இதனால்தான். இரண்டாவது நீளம். சாக்கெட்டிலிருந்து கதவு வழியாக வெளியே வந்து, எதிர்ப்பக்கப் பின் டயர் வரை ஒயரும் குழாயும் சேர்ந்து எட்ட வேண்டும். ஒருமுறை இரவில் பின் டயர் இறங்கி நின்றபோது, என் மெஷினின் ஒயர் ஒரு முழம் குறைந்தது. அன்றைக்குப் பிறகு யார் கேட்டாலும் முதலில் ஒரு கயிற்றை வைத்து அந்தத் தூரத்தை அளக்கச் சொல்கிறேன்.

சாக்கெட்டில் ஓட்டும்போது எஞ்சினை ஓடவிட்டால் கார் பேட்டரி இறங்காது. ஆனால் மூடிய ஷெட்டுக்குள் அப்படிச் செய்யவே கூடாது. புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைச் சத்தமில்லாமல் சாய்த்துவிடும்.

உள்ளே பேட்டரி வைத்தவை ஸ்கூட்டர், பைக், சைக்கிள் வைத்திருப்பவர்களுக்கு அருமையானவை. சைக்கிள் பையிலேயே அடங்கும். இங்கே ஏமாறக்கூடிய எண் எம்ஏஎச், அதாவது மில்லிஆம்பியர்-மணி (ஆயிரம் எம்ஏஎச் ஓர் ஆம்பியர்-மணி). ஒரு மெஷினில் 7.4 வோல்ட், 2500 எம்ஏஎச் என்று இருக்கும். இன்னொன்றில் 5000 எம்ஏஎச் என்று மட்டும் இருக்கும். இரண்டாவது இரட்டிப்புப் பெரிது என்று தோன்றும். இரண்டுக்குள்ளும் அதே இரண்டு செல்கள் இருக்கலாம். முதல் தயாரிப்பாளர் செல்களை வரிசையாக எண்ணியிருப்பார், இரண்டாமவர் 3.7 வோல்ட்டில் தனித்தனியாகக் கூட்டியிருப்பார். வோல்ட்டை ஆம்பியர்-மணியால் பெருக்கினால் இரண்டும் 18.5 வாட்-மணிதான். ஒப்பிடும்போது வாட்-மணியை மட்டும் ஒப்பிடுங்கள். 18 வாட்-மணி என்பது நான்கு கார் டயர்களில் சில பிஎஸ்ஐ கூட்டுவதற்குச் சரியாக இருக்கும். முழுக்க இறங்கிய நான்கு டயரை நிரப்பும் என்று எதிர்பார்க்கக் கூடாது.

லித்தியம் பேட்டரி வெயிலில் நிற்கும் காருக்குள் கிடப்பது அதன் ஆயுளைத் தின்றுவிடும். சார்ஜ் முழுக்க இறங்கி மாதக்கணக்கில் கிடந்தாலும் கெட்டுவிடும். பாதிக்கு மேல் சார்ஜ் வைத்து, வீட்டுக்குள் நிழலில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் நன்றாக இருக்கும். அவசரத்துக்கு என்று வாங்கி, எடுக்காமலே வைத்திருக்கப் போகிறவர்களுக்கு இது ஒத்துவராது. வாரம் ஒருமுறை எடுக்கிறவர்களுக்குத்தான் ஒத்துவரும்.

கருவிகளின் பேட்டரியை மாட்டும் வகை, ஏற்கெனவே அந்தப் பேட்டரி வைத்திருப்பவர்களுக்கு மிகச் சிறந்த வழி. சுவரில் சொருகுவது பெரும்பாலும் மெத்தைக்கு.

கேஜ் சொல்வது சரியா

தானாக நிற்கும் வசதி வந்த பிறகு இந்த மெஷின்கள் உண்மையிலேயே வீட்டுக்கு உகந்தவையாக மாறின. 33 என்று வைத்துவிட்டால் 33-இல் நின்றுவிடும். ஆனால் மெஷினின் கேஜ் இருப்பது டயருக்குள் அல்ல, பம்புக்குப் பக்கத்தில். காற்று ஓடிக்கொண்டிருக்கும்போது குழாயின் தொடக்கத்தில் அழுத்தம் டயரை விடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். அதனால் நின்ற ஓரிரு வினாடியில் எண் ஒன்று இரண்டு இறங்குவதைப் பார்க்கலாம். அது காற்றுக் கசிவு இல்லை. இறங்கி நிலைத்த எண்தான் உண்மை. தேவைப்பட்டால் இன்னொரு முறை அழுத்தினால் போதும். சைக்கிள் டயரில் இன்னொரு காரணமும் சேரும்: சூடாகப் போன காற்று குளிர்ந்த பின் அழுத்தம் கொஞ்சம் குறையும்.

அப்புறம், எந்த எண்ணை வைப்பது என்ற கேள்வி. டயரின் பக்கச் சுவரில் அச்சடித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய அதிகபட்ச அழுத்தம். உங்கள் வண்டிக்கு வேண்டியது அது இல்லை. ஓட்டுநர் கதவின் சட்டத்திலோ, பெட்ரோல் மூடியின் உட்புறத்திலோ, கையேட்டிலோ இருக்கும் அட்டவணையைத்தான் பார்க்க வேண்டும். அதில் முன் டயருக்கும் பின் டயருக்கும் வேறு வேறு எண் இருக்கலாம், முழு பாரத்துக்குத் தனி எண்ணும் இருக்கலாம். எல்லாமே டயர் ஆறியிருக்கும்போது பார்க்க வேண்டிய எண்கள். வண்டி நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். டயருக்குள் காற்று 10 டிகிரி சூடேறினாலே 33 என்பது ஏறக்குறைய 34.5 ஆகிவிடும். நீண்ட பயணத்தின் நடுவே கேஜில் 37 பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால், மறுநாள் காலையில் டயர் குறைந்த காற்றில் நிற்கும்.

வீட்டிலேயே ஒரு மெஷின் இருப்பதன் பெரிய நன்மை இங்கேதான் என்று நினைக்கிறேன். காற்றடிக்க வெளியே ஓட்டிப் போனால் போவதற்குள் டயர் சூடாகிவிடும். வீட்டு வாசலில், காலையில், வண்டியை எடுப்பதற்கு முன்னால் பார்ப்பதுதான் சரியான அளவு. நல்ல டயரும் மாதத்துக்கு ஒன்று இரண்டு பிஎஸ்ஐ இழக்கும். காரில் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே என்றால், பல கார்களில் அது எரிவதற்குள் காற்று ஐந்தில் ஒரு பங்கு, சில சமயம் நான்கில் ஒரு பங்கு இறங்கியிருக்கும். குறைந்த காற்றில் ஓடும் டயர் கூடுதலாக வளைகிறது. வளைவு சூடாக மாறுகிறது. டயர் வெடிப்புக்கு அது ஒரு பாதை.

வால்வு

கார், பைக், பெரும்பாலான ஸ்கூட்டர்களில் இருப்பது 1893-இல் காப்புரிமை பெற்ற ஷ்ரேடர் வால்வு. இத்தனை வருடம் கழித்தும் மாறவில்லை. எல்லா மெஷினும் அதில் பொருந்தும். பந்தய சைக்கிளில் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். அதன் தலையில் உள்ள சின்ன மரையைத் தளர்த்தி, மெஷினோடு வரும் பித்தளை இணைப்பைத் திருகிவிட்டு அடிக்க வேண்டும். சாதாரண சைக்கிள்களில் இன்னும் புழங்கும் டன்லப் வால்வில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே போன காற்று கேஜ் பக்கம் திரும்பி வராது. ஆகவே மெஷினை மாட்டியதும் திரை பூஜ்யத்தையே காட்டும். மெஷின் பழுது என்று திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு. இந்த வால்வுக்கு விரலால் டயரை அமுக்கிப் பார்க்கும் பழைய வழியையும் சேர்த்துக்கொள்வதே நல்லது.

குழாய் முனை திருகும் வகையா, நெம்புகோலை மடக்கிப் பூட்டும் வகையா என்பதில் எனக்குத் திருகும் வகைதான் பிடிக்கும். கழற்றும்போது ஒரு மூச்சுக் காற்று போகும், ஆனால் நடுவில் கழன்று விழாது. கார் டயருக்கு அந்த ஒரு மூச்சு பொருட்டே இல்லை. 1 லிட்டர் டியூபுக்கு மட்டும் ஓரிரு பிஎஸ்ஐ கூடுதலாக வைத்துக்கொள்ளலாம்.

விளக்கு இருட்டில் உதவும். மொபைல் சார்ஜ் செய்யும் வசதி, வண்ணத் திரை, பத்து வகை முன்னமைவு இவற்றுக்காக ஒரு மெஷினைத் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. சத்தம் எல்லாவற்றிலும் இருக்கும். மிக்சி ஓடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மெஷினால் முடியாத இரண்டு வேலை உண்டு. காற்றே இல்லாமல் கொஞ்ச தூரம் ஓட்டிய டயரின் பக்கச் சுவர் உள்ளே நசுங்கிக் கிழிந்திருக்கலாம். வெளியே தெரியாது. அதில் காற்றை ஏற்றிவிட்டு ஓட்டுவது ஆபத்து. ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, பழைய டயரைப் பஞ்சர் கடையில் கழற்றிப் பார்க்க வேண்டும். அதேபோல டியூப் இல்லாத டயர் ரிம்மிலிருந்து விலகிவிட்டால், அதைத் திரும்ப உட்காரவைக்க ஒரே மூச்சில் பெரிய அளவு காற்று வேண்டும். நிமிடத்துக்கு 15 லிட்டரில் அடிக்க அடிக்க, பக்கவாட்டில் வெளியேறிக்கொண்டே இருக்கும். ஆணி குத்தி மெதுவாக இறங்கும் டயருக்குத்தான் இந்த மெஷின் கைகொடுக்கும். ஆணியைப் பிடுங்காமல் காற்றை ஏற்றிக்கொண்டு பஞ்சர் கடை வரை போய்விடலாம்.

வாங்கியாயிற்று என்றால், திருப்பிக் கொடுக்கும் நாள்கள் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள். ஆறிய டயரில் 5 பிஎஸ்ஐ இறக்கிவிட்டு, அதை ஏற்ற எத்தனை நிமிடம் ஆகிறது என்று பாருங்கள். நான்கு டயரையும் தொடர்ந்து செய்து, கடைசி டயருக்கும் அதே நேரம்தான் ஆகிறதா, மோட்டார் சத்தம் மாறுகிறதா, பிளாஸ்டிக் கருகும் வாடை வருகிறதா என்று கவனியுங்கள். பின்னர் தனியாக ஒரு நல்ல கேஜ் வாங்கியோ கடன் வாங்கியோ அதே டயரில் வைத்துப் பாருங்கள். ஒன்றோ இரண்டோ வித்தியாசம் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, எப்போதும் அதே வித்தியாசமாக இருந்தால் போதும். என்னிடம் இப்போது இருப்பது சரியாக ஒன்றரை பிஎஸ்ஐ கூட்டிக் காட்டும். அதன் முதுகில் ஒரு டேப் ஒட்டி, “33 வேண்டுமா, 34.5 வை” என்று எழுதி வைத்திருக்கிறேன். வீட்டில் யார் எடுத்தாலும் அதைப் பார்த்துத்தான் அடிக்கிறார்கள்.